காட்டலாம், கொடுக்கக் கூடாது

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
மூன்று வேன்களில் வந்தார்கள்
முப்பத்தைந்து எம்.எல்.ஏ.க்கள்.
நான்கு பேர் வாந்தி எடுத்திருந்தார்கள்.
அதில் ஒருவர் முன்னாள் போக்குவரத்து அமைச்சர்.

ஏற்காட்டில், நாகலூர் போகிற வழி ரிசார்ட்டில்
எனக்கு ஸ்டோர் ரூம் வேலை.
அரிசி, எண்ணெய், சோப்பு, துண்டுக் கணக்கு.
மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் கூடையைத் தந்து
இனிமேல் இதுவும் என்றார்.
உள்ளே முப்பத்தைந்து செல்போன்,
ஒவ்வொன்றின் முதுகிலும் லேபிள் ஒட்டி ஒரு நம்பர்.

டெல்லியில் மேல்சபை என்று ஒன்று.
அதற்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை,
நாம் ஓட்டுப் போட்டவர்கள் போடுவார்கள்.
ஒரு சீட்டுக்கு முப்பத்து நான்கு வேண்டும்.
கைவசம் முப்பத்தைந்து.
அதை எண்ணும்போதெல்லாம் கொறடாவுக்கு
மிளகைக் காயப்போட்டுவிட்டு
மேகம் பார்க்கிறவன் முகம்.
ஒருவர் கழன்றால் தாங்கும்.
வேட்பாளர் வரவில்லை,
எட்டுப் பெட்டி முந்திரி வந்தது.

காலையில் வகுப்பு.
அவர்கள் தரும் ஊதாப் பேனாவால்தான் எழுத வேண்டும்,
சொந்தப் பேனா செல்லாது.
பெயருக்கு நேரே ஒன்று என்று போட வேண்டும்,
டிக் அடித்தால் செல்லாது,
பிள்ளையார் சுழி போட்டால் செல்லாது.
மடிப்பதற்கு முன் கட்சி ஏஜெண்டிடம்
காட்டலாம், கொடுக்கக் கூடாது.
இதை மூன்று முறை சொன்னார் கொறடா.
ஏழு முறை ஜெயித்தவர் ஒருவர்
மாதிரிச் சீட்டில் எழுதி எழுதிப் பார்த்தார்.
அவர் ஒன்று ஏழு மாதிரியே வந்தது.

ராத்திரியில் கூடை ஊரும்.
சத்தத்தை அணைத்தும் நண்டுகள்போல்
ஒன்றையொன்று உரசிக்கொண்டு.
திரையில் பெயர்கள்:
வீடு. வீடு. வீடு 2.
கிரஷர் தனபால்.
ஃபைனான்ஸ் எடுக்காதே.
ஒரு போனில் பெயரில்லாத நம்பர்,
தினமும் சரியாக ஒரு மணிக்கு.
அப்படி ஏதாவது வந்தால் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.
நான் சொல்லவில்லை.
ஏனென்று எனக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் மழை, கரண்ட் இல்லை.
பதினொன்றாம் நம்பர் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார்.
குமுதவல்லி, கீழே மரவள்ளிக்காட்டுத் தொகுதி,
நைட்டிக்கு மேல் கட்சித் துண்டு.
"பேச வேண்டாங்க.
யார் கூப்பிட்டாங்கன்னு பாத்தாப் போதும்."
தேடி எடுத்தேன். கை நீட்டினார்.
காட்டலாங்க, என்றேன்.
சிரித்துவிட்டார்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தார்:
பையன் ஹாஸ்டல், பதினாலு தடவை.
திரை அணைந்தது. அமுக்கினேன்.
அணைந்தது. அமுக்கினேன்.
"நீங்க எந்தத் தொகுதி?"
"இதே மலைதாங்க."
"உங்க எம்.எல்.ஏ.?"
"அந்தப் பக்கத்துக் கட்சிங்க.
அவரைக் கடலோரமா எங்கியோ வச்சிருக்காங்களாம்."

மறுநாள் மூன்று மணி ஐந்து நிமிடம்.
ஏழாவது வேட்பாளர் மனுவை வாபஸ் வாங்கிவிட்டதாக
டிவியில் எழுத்து ஓடியது.
ஆறு இடம், ஆறு பேர்.
ஓட்டே இல்லை.
கைதட்டினார்கள், சீக்கிரம் முடிந்துவிட்டது.
கொறடா முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டார்.
ஏழு முறை ஜெயித்தவர் மட்டும்
"அப்ப இந்தப் பேனா?" என்றார்.

போன்களைக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.
வேனில் ஏறுமுன்பே குமுதவல்லி காதில் வைத்தார்.
எடுக்கவில்லை போல. திரும்ப அமுக்கினார்.
வளைவு திரும்பும்போதும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

குப்பைத்தொட்டி நிறைய மாதிரிச் சீட்டு,
ஒன்று, ஒன்று, ஒன்று.
ஒரே ஒரு சீட்டின் தலையில் பிள்ளையார் சுழி,
கீழே எல்லாக் கட்டமும் காலி.
யாருடையது என்று தெரியவில்லை.
முந்திரி மூன்று பெட்டி மிச்சம்.
துண்டில் நாலு குறைகிறது.

அன்றும் ஒரு மணிக்கு விழிப்பு வந்தது.
எழுந்து போய்ப் பார்த்தேன்.
கூடையில் சமையல்கட்டுக்காரர்கள்
வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள்.